நேத்து ஓடுச்சுல்ல?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்ட மேட்டர். நடுவுல கொஞ்சம் ஆணி சமாச்சாரம் வரும், பொறுத்துக்கோங்க.

2022 மார்ச். வீட்டிலிருந்தே வேலைங்கிற புண்ணியத்துல, சுருளிப்பட்டியில எங்க வீட்டு மாடியில உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர். கேபிள்காரர் இழுத்த வயர் அதுல வந்து சேரும். உள்ளே இருக்கிற ஏதெராஸ் வைஃபை கார்டு வீட்டுக்கும், பக்கத்துல இருக்கிற தோட்டத்துக் கொட்டகைக்கும் நெட்டைப் பரப்பும். கடையில ஒரு ரவுட்டர் வாங்கினா முடிஞ்சது. ஆனா லினக்ஸ் கிறுக்கு புடிச்சவன் நேர்வழியில போவானா?

கெர்னல் 5.17 மார்ச் 20-ம் தேதி வெளியாச்சு. ரெண்டு நாள் கழிச்சு, கை சும்மா இருக்காம, 5.16-ஐத் தூக்கிட்டு அதைக் கம்பைல் பண்ணி ஏத்தினேன். பூட் ஆச்சு. தூங்கிட்டேன்.

காலையில ஆறு மணிக்கு அப்பா வந்து எழுப்பினார். பன்னீர் திராட்சைக் கொத்தை ஃபோட்டோ புடிச்சு வியாபாரிக்கு வாட்ஸப்புல அனுப்பணும். அவர் சரின்னு சொன்னாத்தான் வெட்டணும். வெட்டு ஆளுங்க வந்து பந்தலுக்கடியில நிக்குறாங்க.

"ஏப்பா, இது சுத்திக்கிட்டே இருக்கு. போக மாட்டேங்குது."

"கொட்டகையில சிக்னல் கம்மியா இருக்கும்பா."

"நேத்தும் இதே எடத்துல நின்னுதான அனுப்புனேன். நேத்து ஓடுச்சுல்ல?"

நான் மாடிக்கு ஓடிப் பார்த்தா, கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. வைஃபை பேரும் தெரியுது. எந்த ஃபோனும் ஒட்ட மாட்டேங்குது. அப்பா பைக்கை எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போய் அனுப்பினார். அதுக்குள்ள வியாபாரி வேற தோட்டத்துக்கு வண்டியை விட்டுட்டார். வந்த ஆளுங்களுக்குப் பாதிக் கூலி குடுத்து அனுப்பினோம். அப்பா ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

ரிக்ரஷன்னா என்னன்னு இதைவிட நல்லா எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நேத்து ஓடினது இன்னைக்கு ஓடல. லினஸ் டோர்வால்ட்ஸ் பல வருஷமா பிடிவாதமா நிக்கிறதும் இதே இடத்துலதான். காரணம் எவ்வளவு நல்லதா இருந்தாலும், பயனருக்கு ஓடிக்கிட்டு இருந்ததைக் கெடுத்தா அது கெர்னலோட தப்பு.

பகல்ல 5.16, ராத்திரியில துப்பறியும் வேலை. இதுக்குன்னே கிட் பைசெக்ட்னு ஒண்ணு இருக்கு. நல்ல வெர்ஷனுக்கும் கெட்ட வெர்ஷனுக்கும் நடுவைப் புடிச்சுக் கம்பைல் பண்ணிப் பார்க்கணும், அப்புறம் மிச்சத்துல பாதி, அதுல பாதி. 16,000 மாற்றம் இருந்தாலும் 14 தடவையில ஆளைப் புடிச்சிடலாம். நான்தான் அதிபுத்திசாலியாச்சே! வைஃபை கெட்டுருக்கு, தப்பு வைஃபை டிரைவர்லதான் இருக்கும்னு ஏத்9கே ஃபோல்டருக்குள்ள மட்டும் தேடினேன். (2008-ல ஏதெராஸ் திறந்த மூலமா வெளியிட்ட டிரைவர் இது. மாற்ற வரலாற்றைப் புரட்டினா சென்னையில இருந்து எழுதின நம்மாளுங்க பேரு வரிசையா வரும்.) ரெண்டு ராத்திரி காலி. அங்க ஒண்ணுமே இல்லை.

26-ம் தேதி ராத்திரிதான் பார்க்கிறேன், 23-ம் தேதியே யாரோ ஒருத்தர் இதே பிரச்சினையைப் புகார் பண்ணியிருக்கார். லினஸ் அந்த மாற்றத்தை வாபஸே வாங்கிட்டார். குற்றவாளி டிரைவர்ல இல்லை, மெமரி பக்கத்துல!

எங்க ஊர் பாஷையில சொல்றேன். பெரிய லாரி தோட்டத்துக்குள்ள வராது, ரோட்டோரக் கொட்டகையில சரக்கை எறக்கும். நம்ம ஆள் அங்கிருந்து உள்ளே தூக்கிட்டு வருவான். இந்தக் கார்டும் அப்படித்தான். 32 பிட் கார்டு, 4 ஜிபிக்கு மேல இருக்கிற மெமரியை எட்டாது. எங்க கம்ப்யூட்டர்ல 8 ஜிபி. அதனால கெர்னல் கீழே ஒரு கொட்டகை போட்டு வெச்சிருக்கும். டிரைவர் அப்பப்ப எட்டிப் பார்க்கும், சரக்கு வரலைன்னா திரும்பிடும். பழைய பேருடைய மிச்ச சரக்கு கொட்டகையில கிடந்து அடுத்தவன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்புத் திருத்தம். அதன்படி, திரும்பும்போது நம்ம பக்கத்துப் பெட்டிகளைக் கொட்டகையில அடுக்கிட்டுப் போகணும். எட்டிப் பார்த்ததுக்கும் அடுக்கினதுக்கும் நடுவுல லாரி சரக்கை எறக்கியிருந்தா? வந்த சரக்கு மேலேயே காலிப்பெட்டி. போச்சு.

திருத்தம் கெட்டதுன்னு சொல்ல முடியாது. அதனாலதான் ரெண்டு நாள் கழிச்சு, தொல்லை பண்ணின பகுதியை மட்டும் விட்டுட்டு மிச்சத்துல கொஞ்சத்தைத் திரும்பச் சேர்த்தாங்க.

என்னை உறுத்துனது வேற. "5.16-ல ஓடுது, 5.17-ல ஓடல, கார்டு இது." 23-ம் தேதி காலையிலேயே எனக்கு இது தெரியும். ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். முழுசாக் கண்டுபிடிச்சுக் கெத்தாச் சொல்லலாம்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னொண்ணையும் சொல்லிடறேன். அதுக்கு முந்தின மாசம் ஆபீஸ்ல டெஸ்டிங் பொண்ணு ஒண்ணு, "போன பில்ட்ல ஓடுச்சு சார்"னு ஒரு பக் போட்டுச்சு. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு ஒரே வரியில மூடிட்டேன்.

திங்கக்கிழமை அதைத் திறந்து பைசெக்ட் பண்ணினேன். ஆறாவது தடவையிலேயே சிக்கிடுச்சு. என்னோட மாற்றம்தான். மன்னிச்சுக்கோன்னு எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு பொம்மை வந்துச்சு.

அப்பா இப்பவும் வெட்டு நாளுக்கு முந்தின ராத்திரி மாடிப்படியில நின்னு கேக்குறார்: "இன்னைக்கு எதையும் மாத்தலையேப்பா?"