மங்கிய பட்டியும் மெல்லிய படலமும்

பழைய கார்களைப் பேணுவோர் எஞ்சினுக்கும் வர்ணத்துக்கும் செலுத்தும் கவனத்தை, உடற்பகுதியைச் சுற்றி ஓடும் அலுமினியப் பட்டிகளுக்குச் செலுத்துவதில்லை. மங்கிவிட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியன பூட்டுகிறார்கள். அலுமினியம் ஏன் மங்குகிறது என்று அறிந்தால் அந்த அவசரம் தணியும்.

இரும்பில் துரு உதிர்ந்து உதிர்ந்து அடியிலுள்ள உலோகத்தையும் தின்றுவிடும். அலுமினியமோ, காற்றுப் பட்டதும் ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். 1960களின் வொக்ஸ்வாகன் பீட்டில் போன்ற கார்களின் பட்டிகளில், இப்படலத்தை ஆலையிலேயே மின்சாரத்தின் துணைகொண்டு தடிப்பாக்கினார்கள். அனோடைசிங் என்பது இதுவே. அப்படியும் அதன் தடிப்பு மில்லிமீற்றரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்.

நமது இரத்தினபுரி நீலக்கல்லும் அடிப்படையில் அலுமினியம் ஒட்சைட்டே. அதுபோன்ற படிகமாக இல்லாவிடினும் இப்படலமும் கடினமானதே. வெயிலிலும் உப்பிலும் அது சிதைந்து வெண்மை பூத்துவிட்டால், மெருகுப் பசையால் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. அழுக்கு படலத்தின்மேல் இல்லை, பழுதுபட்டிருப்பது படலமேதான்.

கொழும்பில் கடலோரம் வசிக்கும் நண்பரிடம் 1965ஆம் ஆண்டு பீட்டில் ஒன்று உண்டு. தந்தையார் புதிதாக வாங்கியது. உப்புக்காற்றினால் பட்டிகளில் சிறு குழிகள் விழுந்திருந்தன. புதிய பட்டிகளுக்குச் சொல்லிவைத்திருந்தார். ஆயினும் தந்தையார் துடைத்துத் துடைத்து வைத்தவற்றை எறிய அவருக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் செப்பனிட்டுப் பார்ப்போம் என்றேன்.

பட்டியை வளையாதவாறு கழற்றினோம். காரில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினால் வர்ணம் பாழாகும். பிளாஸ்ரிக் தொட்டியில் தண்ணீரை விட்டு, அதில் சிறிதளவு கோஸ்டிக் சோடாவைக் கரைத்தோம். சோடாவைத்தான் தண்ணீரில் இடவேண்டும், மாறிச் செய்யலாகாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு கிளம்புவதால் வேலை திறந்தவெளியில் நடக்கவேண்டும். குமிழிகள் சீராக எழுந்ததும் பட்டியை எடுத்து நன்கு கழுவினோம். இன்னும் விட்டிருந்தால் கரைசல் உலோகத்தையே அரித்திருக்கும்.

பின்னர் 400, 600, 1000, 2000 இலக்க மணற்தாள்களால் தண்ணீர் விட்டு, நீளவாக்கில் வரிசையாகத் தேய்த்தோம். ஒரு தாளின் கீறல்கள் முற்றாக மறைந்த பின்னரே அடுத்த தாள். இறுதியில் மெருகுப் பசையும் துணியும். இரு மாலைப்பொழுதுகள் கழிந்தன. பட்டியில் முகம் தெரிந்தது.

ஆழமான குழிகள் சில எஞ்சின. அவற்றையும் தேய்த்தெடுத்தால் பட்டி மெலிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டோம். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: ஆலையில் இட்ட காப்பு நீங்கிவிட்டதால் இந்தப் பளபளப்பு தானாக நிலைக்காது. மீண்டும் அனோடைசிங் செய்விக்கவேண்டும். இல்லையேல் சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசவேண்டும். நண்பர் மெழுகைத் தேர்ந்தார். புதிய பட்டிகள் வேண்டாமென்று அன்றே சொல்லியனுப்பினார்.

மங்கிய பட்டியுள்ள கார் வைத்திருப்போர், எறியுமுன் ஒன்றையேனும் இவ்வாறு முயன்று பார்க்கலாம்.