அபிங்டன் ஊரில் ஒரு பச்சைக் கார்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் ஆக்ஸ்போர்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கலாசாலைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு லண்டன் ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே ஆறே மைலில், தேம்ஸ் நதிக் கரையில் அபிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைப் போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. ஆக்ஸ்போர்டில் ஒரு மாதம் தங்கும்படி நேர்ந்தபோது, நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள்தான் ஆரம்பித்து வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதாக உத்தேசம்? அபிங்டனில் என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். 78 வயசு. மோட்டார் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ரிப்பேர் செய்வாள். போய்ப் பாருங்களேன்!"

78 வயசுப் பாட்டி, மோட்டார் காருக்கு அடியில்! நேயர்களே, நீங்களாக இருந்தால் போகாமல் இருந்திருப்பீர்களா?

அபிங்டனுக்குப் பிரயாணிகள் ரயில் 1963-லேயே நின்றுவிட்டது. பஸ்ஸில்தான் போக வேண்டும். கடைவீதி நடுவில் பழைய கௌன்ட்டி மண்டபம் கம்பீரமாக நிற்கிறது. ராஜ குடும்பத்தில் விசேஷம் என்றால், ஊர்ப் பெரியவர்கள் அந்த மண்டபத்தின் உச்சியில் ஏறி நின்று, கீழே கூடியிருக்கும் ஜனங்களின் மேல் பன் ரொட்டிகளை வீசுவார்களாம்! பல தலைமுறைகளாக நடந்து வரும் வழக்கம். மண்டபத்துக்குள் இருக்கும் காட்சிசாலையில், ஊரின் பழமைச் சின்னங்களுக்கு நடுவே ஒரு மோட்டார் காரையும் வைத்திருக்கிறார்கள். கோயில் ஊரில் தேரை நிறுத்தி வைத்திருப்பது போல, இந்த ஊருக்கு அந்தக் கார்!

கதை இதுதான். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் என்பவருக்கு 'மாரிஸ் கராஜ்' என்று ஒரு மோட்டார் ஸ்தாபனம் இருந்தது. அதை நிர்வகித்து வந்த செசில் கிம்பர், சாதாரண மாரிஸ் கார்களுக்கு அழகான உடம்பும் கொஞ்சம் வேகமும் கொடுத்து விற்கத் தொடங்கினார். மாரிஸ் கராஜின் முதலெழுத்துக்களே எம்.ஜி. என்ற பெயராயிற்று. 1929-ல் அபிங்டனில் ஒரு பழைய தோல் தொழிற்சாலையின் ஒரு பகுதிக்குக் குடிவந்த எம்.ஜி., 1980 வரையில் அங்கேயே இருந்தது. எட்டுக் கோண முத்திரை பதித்த சின்னஞ் சிறு கார்கள் இந்தச் சிற்றூரிலிருந்து உலகம் முழுவதும் போயின. வேகத்தையே தொழிலாகக் கொண்டிருந்த கிம்பர், 1945-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் இறந்துபோனார். விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது!

1962 முதல் 1980 வரையில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்ற கார்தான் இவற்றில் மிகவும் பிரசித்தம். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நம் பாட்டியிடம் இருப்பது 1969-ம் வருஷத்து எம்.ஜி.பி. மேல் கூரை இல்லை. மழை வந்தால் துணிக் கூடாரத்தை இழுத்துவிட்டுக் கொள்ள வேண்டும். இரண்டே பேர் உட்காரலாம். வெற்றிலைப் பச்சை நிறம்.

நான் போன முதல் ஞாயிறன்று, பாட்டி நீல அங்கியும் கையில் எண்ணெய்த் துணியுமாக வாசலுக்கு வந்தார். "காப்பி பிறகு. முதலில் இதைப் பிடியுங்கள்" என்று ஒரு முழ நீள ரப்பர்க் குழாயை என் கையில் கொடுத்தார்.

அந்தக் காருக்கு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டு. அடுப்புக்குக் காற்றும் விறகும் சரியாக இருந்தால்தானே புகையாமல் எரியும்? அதுபோல, இயந்திரத்துக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பவை இவை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைப் பரீட்சிப்பதற்குத்தான் ரப்பர்க் குழாய். ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறு நுனியைக் கார்புரேட்டரின் வாய் அருகே கொண்டுபோனேன். 'உஸ்...' என்று ஒரு சீறல். அடுத்ததிலும் கேட்டேன். இரண்டாவது சற்றுப் பலமாகச் சீறியது. பாட்டி ஒரு திருகை இம்மியளவு திருப்பினார். இப்போது இரண்டும் ஒரே சுருதி! பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைச் சிறிதே தூக்கிக் காட்டினார். இயந்திரத்தின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். மூச்சடைத்து நின்றுபோனால் பெட்ரோல் குறைவு. கொஞ்சம் கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் பதம் சரி. சமையலறையில் பாகு பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வித்தையா, சொல்லுங்கள்!

கார்புரேட்டரின் தலையிலுள்ள மூடியைக் கழற்றி, உள்ளே மெல்லிய எண்ணெய் குறையாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். முன் சக்கரங்களின் முளைகளுக்கு மூவாயிரம் மைலுக்கு ஒரு தரம் கிரீஸ் அடிக்க வேண்டும். பெட்ரோல் பம்பு காரின் பின்புறம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் 'டக், டக், டக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓய்ந்துவிட வேண்டும். சத்தமே இல்லையென்றால், ஒரு மரச் சுத்தியால் பம்பின் மேல் செல்லமாகத் தட்டினால் விழித்துக்கொள்ளும். "தூங்குமூஞ்சிப் பையனை எழுப்புவது போலத்தான். ஆனால் அது வீடு போய்ச் சேரத்தான் உதவும். போனதும் கழற்றி முனைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்றார் பாட்டி. இப்போது வரும் பெட்ரோலில் சாராயச் சத்தைக் கலக்கிறார்கள் அல்லவா? அது பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்றுவிடுகிறதாம். ஆகவே குழாய்களையெல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்.

"இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டேன்.

"என் கணவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1980-ல் கதவை மூடினார்கள். அதற்குப் பிறகு அவர் கோபத்தையெல்லாம் இந்தக் காரைத் துடைத்துத்தான் தீர்த்துக்கொண்டார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே நான் கற்றுக்கொண்டேன். அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது."

காப்பி சாப்பிடும்போதுதான் பாட்டியின் கவலை வெளியே வந்தது. பிள்ளை லண்டனில் இருக்கிறார். "தனியாக இருக்கிறாய், அம்மா. காருக்கு அடியில் படுத்து ஏதாவது ஆகிவிட்டால்? விற்றுவிடு" என்று ஓயாமல் சொல்கிறார். போன வாரம் ஒரு வியாபாரியையும் அனுப்பிவிட்டார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். வலப் பக்கத்தில் காந்தம் பற்றிக்கொண்டது. இடப் பக்கத்தில் ஓரிடத்தில் கீழே விழுந்தது. அந்த இடத்தில் இரும்பே இல்லை; மேலே வர்ணம் பூசிய மக்குப் பூச்சுத்தான்!

"பாகம் பாகமாகக் கழற்றி விற்பதானால் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூரையுள்ள காருக்குக் கூரையும் பலம் கொடுக்கிறது. கூரையில்லாத காருக்குக் கதவின் கீழே இரு புறமும் ஓடும் இந்தப் பெட்டிகள்தாம் முதுகெலும்பு. உள் தகடு, நடுத் தகடு, வெளித் தகடு என்று மூன்று தகடுகள் சேர்ந்தது அது. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து, வடியும் துவாரம் சேற்றில் அடைபட்டுப் போனால், துரு உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பு!

வலப் பக்கத்துத் தகடுகளை 1991-ல் கணவரே மாற்றினார். இடப் பக்கத்தை அவர் காலமான பிறகு ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தார் பாட்டி. அவர்கள் உளுத்துப்போன உள் தகடுகளை அப்படியே விட்டுவிட்டு, மேலே புதுத் தகட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள்!

இரண்டாவது ஞாயிறு போனபோது பாட்டியின் பேத்தி வந்திருந்தாள். இருபது வயசு. தொழில் பள்ளியில் பற்றவைப்பு வேலை கற்கிறாள். "பாட்டி, விட்னி என்ற ஊரில் முழு உடம்பையே புதிதாகச் செய்து தருகிறார்கள். வாங்கிப் பொருத்திவிடலாமே" என்றாள். உண்மைதான். அபிங்டன் கார்களின் தகடுகளை அடித்த பழைய அச்சுக்களைத் தேடிப் பிடித்து, 1988-லிருந்து புது உடம்புகள் செய்து விற்கிறார்கள்.

பாட்டி தலையை ஆட்டினார். "வலப் பக்கம் உன் தாத்தா கைவேலை. அதைத் தூக்கிப் போட மாட்டேன். இடப் பக்கம் மட்டும் தகடு வாங்கு."

கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை முடுக்கினார்கள். அதைச் செய்யாமல் பெட்டியை வெட்டினால், கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவே மூடாது. வெளித் தகட்டை வெட்டி எடுத்ததும், உள்ளேயிருந்து துருவும் மண்ணும் பொலபொலவென்று கொட்டின. நான் கையில் எடுத்துப் பார்த்தேன். முறுக்கு நொறுங்குவது போல நொறுங்கியது. பாட்டி ஒன்றும் பேசாமல் விளக்குமாற்றை எடுத்து வந்து பெருக்கினார்.

மூன்றாவது ஞாயிறு புதுத் தகடுகளைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துவிட்டு, கதவை மாட்டிப் பார்த்தார்கள். கதவு மூடவில்லை! பின் ஓரம் மேலே இடித்தது. கீழே விரல் நுழையும் இடைவெளி. கார் தொய்ந்துவிட்டது. குறுக்குச் சட்டத்தில் ஒரு நட்டை முடுக்க மறந்திருக்கிறாள் பேத்தி. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

இத்தனை நாள் உழைப்பும் வீண், கார் இனிப் பாகம் பாகமாகத்தான் போகப் போகிறது என்றே எண்ணினேன்.

பாட்டி கதவைத் தடவிக்கொண்டே, "1991-ல் உன் தாத்தாவும் இதே இடத்தில் இதே தப்பைச் செய்தார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நமக்கு அவ்வளவு நேரமில்லை. பொட்டுக்களை வெட்டு" என்றார்.

வெட்டினார்கள். நடுவில் ஜாக்கி வைத்து மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார்கள். நான் ஓர் அட்டைத் துண்டைக் கதவின் இடைவெளியில் நுழைத்து, மேலும் கீழும் அளந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். மாலை ஐந்து மணிக்கு அட்டை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நுழைந்தது. பாட்டி கதவை மெல்லத் தள்ளினார். 'டொக்!' அந்த ஒரு சத்தத்துக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாலாவது ஞாயிறு நான் விடை பெற்றுக்கொள்ளப் போனேன். பெட்டிகளுக்குள் துரு ஏறாமல் மெழுகும் பீய்ச்சி, வர்ணமும் அடித்து, பச்சைக் கார் வாசலில் நின்றது. பிள்ளையும் லண்டனிலிருந்து வந்திருந்தார். பாட்டி என்னைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டார். தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் போனோம். இப்போது அங்கே வீடுகளும் அலுவலகங்களுமாக இருக்கின்றன. பக்கத்தில் எம்.ஜி. கார்ச் சங்கத்தின் தலைமைச் செயலகம். அதற்குக் கிம்பரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாட்டி வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

திரும்பி வந்ததும் பிள்ளை இடப் பக்கக் கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்; மூடினார். பிறகு தம் மகளைப் பார்த்தார். விற்பனையைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும், அம்மா?" என்று கேட்டார்.

"அடுத்த மாதம் முதல் ஞாயிறு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வா" என்றார் பாட்டி.