வீட்டுக்கு முதுகும் உண்டு

நெய்வேலியில் மலை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட 'ஓ, உண்டே' என்பார்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணை ராட்சத இயந்திரங்கள் வெட்டி வெட்டிக் கொட்டியதில் எழும்பிய மலை. மனுஷன் போட்ட மலை! மற்றபடி ஊர் பாய் விரித்த மாதிரி தட்டை. நேர்கோட்டுத் தெருக்கள், வட்டம் வட்டமாகப் பிரித்த குவார்ட்டர்ஸ்கள், வாசலுக்கு வாசல் மரம். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் வந்து அந்த மரங்களை ஒரே காலையில் சாய்த்துப் போட்டது தனிக் கதை.

அந்த டவுன்ஷிப்காரர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. வீட்டின் வெளிச்சுவரைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதே கிடையாது. வீடு கம்பெனியுடையது. ஒழுகினால் புகார் எழுதிக் கொடுக்கலாம். ஆள் வர நாளாகும், ஆனால் செலவு நம்முடையதில்லை. முப்பது, முப்பத்தைந்து வருஷம் இப்படி வாழ்ந்துவிட்டு, ரிட்டயராகிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் 'வெளிச்சுவர்' என்ற ஜீவன் ஒன்று உலகத்தில் இருப்பது தெரிய வரும்.

என் சித்தப்பா அப்படி வெளியே வந்தவர். சுரங்கத்தில் மெக்கானிக்கல் பிரிவு. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வடலூரிலும் கடலூரிலும் மனை வாங்கியபோது, இவர் மட்டும் ஏற்காட்டில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். "வாழ்க்கை முழுக்க வெந்தாச்சு, இனிமேயாவது குளிரட்டுமே" என்பது அவர் கட்சி. சித்திக்கு ஆஸ்துமா. அது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கல் கட்டடம். தகரக் கூரை, சுவரைத் தாண்டி நன்றாக நீண்டு இறங்கும். யாரோ புண்ணியவான் நடுவில் கல்சுவர் மேல் சிமென்ட் பூசி, அதற்கு மேல் ரப்பர் மாதிரி ஒரு பெயின்ட்டையும் அடித்து வைத்திருந்தார். முதல் மழைக்காலம் முடிவதற்குள் பெயின்ட் முழுக்க அம்மைக் கொப்புளம். உள்ளே பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. சித்தி ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார்.

உடனே பெங்களூரிலிருந்து தம்பி, அதாவது சித்தப்பா பையன், வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். புது 'எலிவேஷன்'. பெட்டி பெட்டியாக அடுக்கிய முகப்பு, தட்டைக் கூரை, அலுமினியத் தகடு ஒட்டிய கறுப்புச் சுவர், கண்ணாடி பால்கனி. மொத்த எஸ்டிமேட் பதினொரு லட்சம். "அண்ணே, நீங்க பாத்து சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அப்பா கேப்பாரு" என்றான்.

நான் படித்தது பி.காம். சிமென்ட்டைப் பற்றித் தெரியாது, செலவைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கணக்குப் புத்தகத்தில் மூலதனச் செலவு என்று ஒன்று, பராமரிப்புச் செலவு என்று ஒன்று. சொத்தின் ஆயுளைக் கூட்டுவது முதல் வகை. வருஷா வருஷம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியது இரண்டாவது. எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்த்தேன். பதினொன்றில் எட்டு லட்சம் முகப்புக்கு. பக்கச் சுவர்களுக்கு மூன்று. வீட்டின் பின்பக்கத்துக்கு? ஒரு வரிகூட இல்லை!

பின்பக்கம்தான் மலை இருந்தது.

உள்ளூர் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அவர் வாசலில் நிற்கவே இல்லை, நேராகப் பின்னால் போனார். சரிவை வெட்டிக் கட்டிய தடுப்புச் சுவர். அதற்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முழச் சந்து. சந்தில் இலை, சருகு, பழைய செங்கல், போன மழையின் தண்ணீர். தடுப்புச் சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, "சார், இதுல ஒரு ஓட்டைகூட விடலை. மலைத் தண்ணி எங்க போகும்? அடியில பூந்து உங்க வூட்டுக்குத்தான் வரும்" என்றார்.

சித்தப்பா முகம் மாறியது. ஏன் என்று நெய்வேலிக்காரர்களுக்குப் புரியும். அங்கே நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. ராத்திரி பகலாக பம்ப் போட்டு அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். விட்டால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். "முப்பத்திரண்டு வருஷம் இதைத்தானேடா பாத்தேன்... சொந்த வீட்டுல பாக்கலையே" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டை எத்தனை அடிக்கு ஒன்று, பின்னால் சரளைக்கல் எவ்வளவு கனம், வாய்க்கால் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று மேஸ்திரிக்கே கேள்வி போட ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கொப்புளங்களின் ரகசியமும் அன்றைக்குத்தான் புரிந்தது. பழைய கல்சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட்டையும் ரப்பர் பெயின்ட்டையும் போட்டால், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வேர்த்த மாதிரி. கீழேயிருந்து ஏறின ஈரம் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பும். இதைப் பார்த்துவிட்டு, இன்னும் விலை உயர்ந்த 'வாட்டர்ப்ரூஃப்' பெயின்ட் அடிக்கச் சொல்கிறவர்கள்தான் அதிகம். தம்பியின் எஸ்டிமேட்டிலும் அது இருந்தது.

தட்டைக் கூரை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டி முகப்புக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா என்று பாரிஸ் பக்கத்தில் ஒரு வீட்டைச் சொல்லலாம். வில்லா சவோய். லெ கார்புசியே கட்டி 1931-ல் முடித்தது. நம் சண்டிகர் நகரத்தை வடிவமைத்த அதே மகான்தான். வீட்டுக்காரம்மா 1936-ல் அவருக்குக் கடிதம் எழுதுகிறார்: ஹாலில் மழை பெய்கிறது, சாய்தளத்தில் மழை பெய்கிறது, கராஜ் சுவர் ஊறிக் கிடக்கிறது! இன்றைக்கு அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சரிதான், நம் சித்தி பாரம்பரியச் சின்னத்தில் குடியிருக்க முடியுமா? மலையில் மழை நேராக விழாது. காற்றோடு சேர்ந்து படுக்கைவாட்டில் அடிக்கும். அங்கே வெளிச்சுவருக்கு முதல் பெயின்ட், நீண்டு இறங்கும் கூரைதான். அதை வெட்டியெறிந்துவிட்டு பெட்டியாக்குவதற்குப் பெயர் 'மாடர்ன்' என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அலுமினியத் தகடு? இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த சாண்ட்விச் அது. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்புக்கு வெளிப்புறத்தைப் புதுப்பிக்கிறோம் என்று இந்த ரகத் தகட்டைப் போர்த்தினார்கள். வேலை முடிந்த மறு வருஷம், 2017 ஜூன் 14 அன்று, ஒரு வீட்டில் பிடித்த தீ அந்தத் தகடுகள் வழியாக உச்சிவரை ஏறியது. 72 பேர் இறந்துபோனார்கள். தீப்பிடிக்காத நடுப்பொருள் வைத்த தகடுகளும் கடையில் உண்டு. விலை கூடுதல், ஆகவே கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். வாங்குகிறவர்கள் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், ப்ளீஸ்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது தம்பிக்கு வருத்தம். "அப்போ பழைய வீடு மாதிரியேதான் இருக்கணுமா?" என்றான். நியாயமான கேள்வி. அவன் சிநேகிதர்களை அழைத்து வந்து காட்ட ஆசைப்படுகிறான், அதிலென்ன தப்பு? பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். முதலில் பின்பக்க வாய்க்கால், தடுப்புச் சுவரில் துளைகள். (மலையில் மண்ணை வெட்டவும் கட்டவும் தனி விதிகள் உண்டு. கடப்பாரையை எடுப்பதற்கு முன் ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.) அடுத்து சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு. வாசல் பக்கம் மட்டும் கல்லை மூடாமல் அப்படியே விட்டு, இணைப்புக்கு நடுவே சாந்து மட்டும். கூரைத் தகரம் புதுசு, நிறம் அடர்சாம்பல், நீளத்தில் ஓரங்குலம்கூடக் குறையாது. கார் நிற்கிற போர்ட்டிகோ தம்பியின் ராஜ்ஜியம். அங்கே அவன் பெட்டியோ கோபுரமோ வைத்துக்கொள்ளலாம். சன்ஷேடுகளின் அடிவிளிம்பில் ஒரு கோடு பள்ளம் விடச் சொன்னார் மேஸ்திரி. தண்ணீர் சுவரை நோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடுமாம். எஸ்டிமேட்டிலேயே மலிவான சமாசாரம் அதுதான்.

மொத்தம் எட்டேகால் லட்சம் வந்தது. அதில் மூன்று லட்சம் யார் கண்ணிலும் படாத இடத்தில், வீட்டின் முதுகில்.

வாய்க்கால் வேலை முடிந்து ஒரு மழையும் பார்த்தாயிற்று. துளைகளிலிருந்து மூன்று நாளைக்குத் தண்ணீர் வடிந்ததாக சித்தப்பா வீடியோ எடுத்து நெய்வேலி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. சுவர் உள்ளே காயாமல் தொடக்கூடாது, ஜனவரி தாண்டட்டும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிமென்ட் உரித்த சுவர் அம்மணமாக நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்ன சார், பணம் பத்தலையா?" என்று கேட்கிறார்களாம். சித்தி வடலூரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். பீரோவின் பின்பக்கத்தை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவர் போட்ட கண்டிஷன். போன மாதப் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மழை பாத்துட்டு வரேன்" என்றிருக்கிறார்.