குல்மார்க்கில் குப்புற விழுவது எப்படி?

முதல் நாள் காலை பதினொரு மணிக்குள் பதினேழு தடவை விழுந்தேன். அதற்கு மேல் கணக்கு இல்லை. எண்ணிக்கொண்டிருந்த நண்பனும் விழுந்துவிட்டான்.

இடம்: குல்மார்க், காஷ்மீர். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய 2,650 மீட்டர். நம்ம ஊட்டியைத் தூக்கி அதன் தலையில் இன்னொரு நானூறு மீட்டரை வைத்தால் குல்மார்க். கோடையில் புல்வெளி, குதிரை, கோல்ஃப் என்று கண்ணியமாக இருக்கும் இடம், டிசம்பர் கடைசியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மார்ச் வரை கழற்றாது. அந்த வேட்டியில் வழுக்கி விளையாடத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள்.

நாங்கள் போனதற்குக் காரணம் நண்பன். ஆடிட் ஆபீஸில் வேலை. மதியச் சாப்பாட்டு வேளையில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். ஒருத்தன் இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து பாம்பு மாதிரி நெளிந்து இறங்குகிறான். "இதுல என்னடா இருக்கு? சும்மா நின்னா அதுவா போகுது!" என்றான். அதுவாகப் போகும் என்பது நிஜம். எங்கே போகும் என்பதுதான் விஷயம்.

இந்த விளையாட்டின் பெயர் ஸ்னோபோர்டிங். 1965-ல் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஷெர்மன் பாப்பன் என்கிற எஞ்ஜினியர் தன் பெண்கள் விளையாட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரே பலகையாக்கினார். முனையில் ஒரு கயிறு. அவ்வளவுதான் ஆரம்பம். அது கிறிஸ்துமஸ் தினம். 1998-ல் ஜப்பானின் நகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் மெடல் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. குழந்தைகளைச் சமாளிக்க அப்பா செய்த பலகையில்தான் முப்பது வயது தாண்டிய இரண்டு தடியன்கள் ஏறி நின்றோம்.

சரி, போகிறவர்களுக்கு என் புண்பட்ட உடம்பிலிருந்து சில பாடங்கள்.

சட்டை துணிமணி

ஜீன்ஸ் வேண்டாம். பனியில் உட்கார்ந்து எழுந்தால் (நீங்கள் உட்காருவீர்கள், நிறைய உட்காருவீர்கள்) ஜீன்ஸ் ஈரத்தைக் குடித்து அட்டையாக விறைத்துவிடும். பருத்தி பனியனும் அப்படித்தான். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் இறங்காத பேன்ட், கோட்டு. கையுறையும் தண்ணீர் இறங்காததாக இருக்கட்டும். குளிருமே என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போடாதீர்கள். உள்ளே சுருங்கிக் கொப்புளம் வரும். நல்ல சாக்ஸ் ஒரே ஜோடி போதும்.

குளிரில் வெயில் என்ன செய்யும் என்று நினைத்த நண்பன் ஒரே நாளில் மூக்கு உரிந்து நின்றான். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து சதவிகிதம்போல் கூடுகிறது. புதுப் பனி அதில் எண்பது சதவிகிதம் வரை திருப்பி மூஞ்சியிலேயே அடிக்கிறது. சன்ஸ்கிரீன், கண்ணாடி இரண்டும் அவசியம்.

பூட்ஸ், பலகை எல்லாம் குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸில் விரல் நுனி முன்னால் லேசாகத் தொடணும். முழங்காலை மடக்கினால் குதிகால் தூக்கக் கூடாது. பலகையை நிறுத்திவைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வந்தால் ஆரம்பக்காரருக்குச் சரி. ஹெல்மெட் கட்டாயம். மணிக்கட்டுக் காப்பு கிடைத்தால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். புதிதாகப் பலகை ஏறுகிறவர்களுக்கு அதிகமாக அடிபடும் இடம் மணிக்கட்டுதான். திங்கட்கிழமை கீபோர்டில் தட்ட வேண்டிய கை, ஸார்!

எந்தக் கால் முன்னால்?

எங்களுக்கு வாய்த்த மாஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ் பேசுவார். எனக்குப் பிரசார சபா பிராத்மிக் ஹிந்தி. பாடம் நன்றாகவே நடந்தது, ஏனென்றால் பாடத்தில் பாதி சைகை.

முதலில் சும்மா நின்றுகொண்டிருந்த என்னைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினார். "என்னங்க இது!" என்று திரும்பினேன். சிரித்தார். தடுமாறியபோது எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, பலகையில் அதுதான் முன்கால். இடதுகால் முன்னே போனால் 'ரெகுலர்', வலதுகால் போனால் 'கூஃபி'. நான் ரெகுலர். நண்பன் கூஃபி. "ஆபீஸ்லயும் நீ அப்படித்தான்" என்றேன்.

விழுவதற்கு முறை உண்டு

பலகை ஏறுமுன் விழக் கற்றுக்கொடுத்தார். பின்பக்கம் விழுந்தால், முதலில் குந்தி உட்கார்ந்து, மோவாயை நெஞ்சில் சேர்த்து, கையையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு உருள வேண்டும். பின்னால் கையை ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. முன்பக்கம் விழுந்தால் முழங்காலும் முன்கையும் தாங்கணும். விரலை மூடி முஷ்டியாக வைத்துக்கொள்ளணும். எழுந்திருக்கும்போது குப்புறத் திரும்பி, பலகையைச் சரிவுக்குக் கீழ்ப்பக்கம் குறுக்கே வைத்து, முழங்காலிலிருந்து எழுவது சுலபம். மல்லாந்து கிடந்து எழ முயன்றால், கவிழ்த்துப் போட்ட கரப்பான்பூச்சி.

ஓரம்தான் பிரேக்

பலகையின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை உண்டு. குதிகால் பக்கம் ஒன்று, விரல் பக்கம் ஒன்று. எப்போதும் மலையின் மேல்பக்கம் இருக்கிற ஓரம்தான் பனியைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கீழ்ப்பக்கத்து ஓரம் தெரியாமல் பனியில் கொத்திவிட்டால், பலகை அப்படியே நிற்கும், நீங்கள் மட்டும் பயணத்தைத் தொடர்வீர்கள். என் பதினேழில் பதினொன்று இந்த ரகம்.

அதனால் முதல் பாடம் போவது அல்ல, நிற்பது. பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, பள்ளத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காருகிற மாதிரி முழங்காலை மடக்கு. கால் விரலைத் தூக்கினால் நிற்கும். கொஞ்சம் தாழ்த்தினால் மெதுவாக வழுக்கும். மறுபடி தூக்கு, நிற்கும். அரைநாள் இதேதான். பிறகு மலையைப் பார்த்துத் திரும்பி, விரல் ஓரத்தில் இதே பாடம். அதற்கப்புறம் 'உதிரும் இலை': இடதுபக்கம் பார்த்தால் உடம்பும் பலகையும் இடதுபக்கம் சாய்ந்து போகும், வலதுபக்கம் பார்த்தால் வலதுபக்கம். மரத்திலிருந்து இலை ஆடி ஆடி விழுவதுபோல் கீழே வந்து சேரலாம். மரியாதையான வழி.

பார்வைதான் ஸ்டியரிங். காலைக் குனிந்து பார்த்தால் காலடியிலேயே விழுவீர்கள்.

இன்னொன்று. பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்பக்கம் சாயும். பின்னால் சாய்ந்தால் முன்பக்கம் லேசாகி, பலகை சொன்ன பேச்சு கேட்காது. இன்னும் வேகம், இன்னும் பயம். எனவே பயப்படும்போதுதான் முன்காலில் எடையைப் போடணும். இதைப் படிப்பது சுலபம். செய்து பார்த்தால் தெரியும்.

அந்த இரண்டாம் நாள்

இரண்டாம் நாள் மதியம் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இந்த விளையாட்டில் ஆபத்தான பொருள் பனி அல்ல, இரண்டாம் நாள் தைரியம். மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். நண்பன் செல்போனோடு கீழே ரெடி. வழக்கமான இடத்திலிருந்து இன்னும் நாற்பது அடி மேலே ஏறி, பலகையைக் கீழ்நோக்கித் திருப்பி விட்டேன்.

குல்மார்க்கின் ஆரம்பச் சரிவில் நாம் மட்டும் இருப்பதில்லை. குதிரை, ஃபோட்டோக்காரர், சுற்றுலா வந்த குடும்பங்கள், மர ஸ்லெட்ஜில் ஆட்களை உட்கார வைத்துக் கயிற்றால் இழுப்பவர்கள் எல்லாரும் உண்டு. அப்படி ஒரு ஸ்லெட்ஜ் என் பாதையில் குறுக்கே வந்தது. அதில் சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு குழந்தை. இழுப்பவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஃபெரன் அங்கி, ரப்பர் பூட்ஸ். அவர் முதுகு என் பக்கம்.

கத்த நினைத்தேன். எந்த பாஷையில் என்று முடிவெடுப்பதற்குள் பாதி தூரம் போய்விட்டது. கால் விரலைத் தூக்கு என்று மூளை சொல்கிறது, உடம்பு பின்னால் சாய்கிறது. கடைசியில் ஒரே ஒரு பாடம் ஞாபகம் வந்தது: முடியாவிட்டால் உட்கார். உட்கார்ந்தேன். உருண்டேன். ஹெல்மெட் 'டங்' என்று பனிக்கட்டியில் மோதியது. நின்றபோது என் பலகைக்கும் அவர் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு முழம்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அடி பட்டதா என்று கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஸாஹிப், உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு எழுபது நாள் சீசன். கால் போனா எழுபது நாளும் போச்சு."

அந்த எழுபது நாள் சும்மா சொன்ன கணக்கல்ல. காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் 'சில்லை கலான்', கடுங்குளிர். அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்'. கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா', குட்டிக் குளிர். மொத்தம் எழுபது. 2024 ஜனவரியில் அந்த நாற்பதில் பெரும்பகுதி பனியே விழவில்லை. குல்மார்க் பழுப்புப் புல்லோடு கிடந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. மாதக் கடைசியில்தான் வானம் மனமிரங்கியது. ஸ்லெட்ஜ் வைத்திருப்பவருக்கு அது ஏறக்குறைய பாதி சீசன். நமக்குச் சம்பளம் இல்லாத லீவு என்றால் எப்படியிருக்கும், யோசியுங்கள்.

மாஸ்டர் வந்தார். விஷயம் தெரிந்தது. என்னிடம் எதுவும் கேட்காமல் பலகையைக் கழற்றச் சொன்னார். "பாய் ஸாப், மலையில ஒரே சட்டம். கீழே இருக்கறவனுக்கு முதுகுல கண் கிடையாது. மேலே இருந்து வர்றவன்தான் பொறுப்பு. நிறுத்தத் தெரிஞ்ச உயரத்துக்குத்தான் ஏறணும்." அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். சாயங்காலம் வரை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

மேலே போகலாமா?

மூன்றாம் நாள் நண்பனுக்கு ஆசை வந்தது. குல்மார்க்கில் கோண்டோலா என்னும் கயிற்றுக் கார் உண்டு. 1998-ல் திறந்த முதல் கட்டம் கொங்தூரி வரை. 2005-ல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். "அங்கேர்ந்து இறங்கினா வீடியோ எப்படி இருக்கும்!" என்றான்.

மாஸ்டர் தலையாட்டினார். மேலே சமன் செய்யாத பனி, பனிச்சரிவு அபாயம். 2010 பிப்ரவரியில் அங்கே பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள் பத்துக்கும் மேற்பட்டோரைப் பனி கொண்டுபோனது. 2024 பிப்ரவரியில் ரஷ்யாவிலிருந்து வந்த பனிச்சறுக்குக்காரர் ஒருவர் பலியானார். தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி. "பலகையைக் கீழே வெச்சுட்டு வாங்க, மேலே காட்டறேன்" என்றார். போனோம். மூச்சு வாங்கியது. மலைத்தொடர் வெள்ளை வெள்ளையாகக் கண்ணுக்கெட்டிய தூரம். சரிவின் விளிம்பை எட்டிப் பார்த்த நண்பன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "கோண்டோலா கடைசி டிரிப் எத்தனை மணிக்கு?" என்றான்.

சில்லறைக் குறிப்புகள்

முதல் நாள் உயரத்துக்கு உடம்பைப் பழக்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கஹ்வா டீயும் நல்லதே. தாங்மார்கிலிருந்து கடைசி 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பனிக்காலத்தில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் நம்பிக்கை. மாஸ்டர் கூலி, பலகை வாடகை எல்லாம் காலையிலேயே பேசி முடியுங்கள். பலகையைக் கழற்றினால் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் அது உங்களை விட்டுவிட்டுத் தனியாக இறங்கிப் போகும், யார் காலிலாவது போய் நிற்கும். ஓய்வெடுப்பதென்றால் ஓரமாக, மேலேயிருந்து வருகிறவன் கண்ணில் படுகிற இடத்தில் உட்காருங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், சாகச விளையாட்டு அதில் அடக்கமா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். ஆடிட்டர் நண்பன் அதைத் திரும்பி வரும்போது விமானத்தில்தான் படித்தான்.

நான்காம் நாள், கடைசி நாள். இடதுபக்கம் இரண்டு திருப்பம், வலதுபக்கம் மூன்று. மொத்தம் ஐந்து திருப்பங்கள், விழாமல்! கீழே அதே ஸ்லெட்ஜ்காரர் இழுத்துக்கொண்டு போனார். இருபது அடி மேலேயே குதிகாலை ஊன்றி நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கையைத் தூக்கினார். ஐந்து திருப்பங்களைவிட அந்த ஒரு நிற்றல்தான் பெரிதாகப் பட்டது. நண்பன் வீடியோ எடுக்கவில்லை. எடுக்கிற மாதிரி அதில் எதுவும் இல்லை என்றான்.

திங்கட்கிழமை காலை. மாநகரப் பஸ், நல்ல கூட்டம். முழங்காலை லேசாக மடக்கி, முன்காலில் எடை போட்டு, பார்வையை நேரே வைத்து, கம்பியைப் பிடிக்காமல் நின்றேன். டிரைவர் சடன் பிரேக் போட்டார். பஸ்ஸில் எல்லாரும் சாய்ந்தார்கள். நான் சாயவில்லை!

"யோவ், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுய்யா" என்றார் கண்டக்டர். "விழுந்தா யார் பொறுப்பு?"

பிடித்துக்கொண்டேன். நியாயமான கேள்வி.