செத்த ஆட்டோடு வீதிக்கு வந்தவர்களுக்கு

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கத்து ஆட்டுப்பட்டிக்காரங்களுக்கு,

உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் அம்மாவின் வங்கிக் கணக்கில், தெருநாய்கள் கடித்துச் செத்த ஆடு ஒன்றுக்கு 6,000 ரூபாய் வீதம் பணம் ஏறியது உங்களால்தான். அதற்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

எங்களுக்கு மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். அந்தக் காட்டில் ஆடுதான் வெள்ளாமை. என் கல்லூரிக் கட்டணமோ அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவோ, எது வந்தாலும் கன்னிவாடிச் சந்தைக்குக் குட்டிகள் போகும். கிளுவை வேலி ஆட்டை வெளியே விடாது. அடியில் நுழைந்து வரும் நாயை அதனால் தடுக்க முடியாது. பசிக்கு ஒன்றைக் கொல்வதோடு நாய்க்கூட்டம் நிற்பதுமில்லை. கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குப் பாய்கிறது. கடிபடாத குட்டிகள்கூட மிரண்டு, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகின்றன. விடியற்காலையில் பட்டியைத் திறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முன்பெல்லாம் இதற்கு ஒரு பைசா கேட்க வழியில்லை. புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் என்று மத்திய அரசு வகுத்த 12 பேரிடர்களில் பனிச்சரிவுக்கும் இடமிருந்தது, நாய்க்கடிக்கு இல்லை. வெள்ளத்தில் ஆடு செத்தால் பேரிடர் நிவாரண விதிப்படி 4,000 ரூபாய் கிடைத்தது. நாய் கடித்துச் செத்தால் அது அவரவர் தலைவிதி.

அதைத் தலைவிதி என்று நீங்கள் ஏற்கவில்லை. செத்த ஆடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சாலையில் போட்டு உட்கார்ந்தீர்கள். பட்டியில் மிச்சமிருந்த ஆடுகளுக்குக் காவல் யார் என்ற கவலையோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். திரும்பத் திரும்ப வந்தீர்கள். 2025-இன் தொடக்கத்தில் தமிழக அரசு இறங்கி வந்தது: மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்குப் பேரிடர் விதியின் 4,000-க்குப் பதில் 6,000, கோழிக்கு 100-க்குப் பதில் 200. விதியைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர்களுக்கும் என் நன்றி உண்டு. ஆனால் செத்த ஆட்டின் நாற்றத்தோடு வெயிலில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் முதல் நன்றி.

எங்கள் பட்டிக்கு வந்த கால்நடை மருத்துவரையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டையும் திருப்பிப் பார்த்து, கடிவாயைக் குறித்து, பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதினார். "எது சினையாடுங்கம்மா?" என்று அவர் கேட்டபோதுதான் அம்மா முதன்முதலாக வாய்விட்டு அழுதார். படிவத்தில் சினைக்குத் தனிக் கட்டம் கிடையாது. தெரிந்தும் கேட்டார்.

6,000 ரூபாய்க்கு ஒரு நல்ல தாயாடு சந்தையில் கிடைக்காது. அது சினையாக இருந்தால், வயிற்றிலிருக்கும் குட்டிக்கும் அதன்பின் அது போடவிருக்கும் குட்டிகளுக்கும் கணக்கே இல்லை. சந்தை மதிப்பு வேண்டும் என்ற உங்கள் கோரிக்கை நியாயமானது; நானும் உங்களோடு கேட்கிறேன். சாலையோரம் கொட்டப்படும் கோழிக்கழிவை நிறுத்தாமல், நாய்களுக்கு ஒழுங்காகக் கருத்தடை செய்யாமல், நிவாரணம் மட்டும் கொடுத்துக்கொண்டே போவதும் தீர்வாகாது. ஆனால் அந்தப் பணத்தில் அம்மா இரண்டு பெட்டைக்குட்டிகளை வாங்கினார், பட்டியைச் சுற்றி அடியோடு சேர்த்துக் கம்பிவலை அடித்தார். இனி ஆடே வேண்டாம் என்றிருந்தவர் அவர்.

இன்னமும் பல ஊர்களில், செத்த ஆட்டைப் பார்க்கச் சகிக்காமல் விடிந்ததும் குழி தோண்டிவிடுகிறார்கள். மருத்துவர் வந்து பார்க்காமல் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாமல் பணம் இல்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்தது யாருக்கும் கைநழுவக் கூடாதென்று, எங்கள் பக்கம் பட்டி பட்டியாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் சொல்லுங்க.

இப்படிக்கு,
மூலனூர்ப் பக்கத்து ஆட்டுக்காரம்மாவின் மகள்