கூப்பிடு தூரம்

2025 மே 3, சனி

சிவகிரிச் செய்தியைப் படித்ததில் இருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஈரோடு மாவட்டம் விளக்கேத்தி பக்கம், தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான கணவன் மனைவி இருவரையும் கொன்றுவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நடந்து சில நாட்கள் ஆன பிறகுதான் வெளியே தெரிந்திருக்கிறது. போன நவம்பர் கடைசியில் பல்லடம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் இதேபோல ஒரு தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என மூன்று பேரைக் கொன்றார்கள். அதில் இன்னும் ஒருவரும் பிடிபடவில்லை.

கொலையைப் போலவே அந்தச் சில நாட்களும் என்னை வதைக்கின்றன. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை, வாசல் கூட்டவில்லை, விளக்கு எரியவில்லை. இதைக் கவனிக்க அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் போன நாட்கள் அவை.

எங்கள் சீமையில் குடியானவர் வீடுகள் தெருவாகச் சேர்ந்து நிற்பதில்லை. கிணற்றை நம்பிய வெள்ளாமை. கிணறு இருக்கும் இடத்தில் வீடு, வீட்டைச் சுற்றிக் காடு. முன்பு ஒரு தோட்டத்தில் அப்பாரு, ஆத்தா, சித்தப்பன்மார், பண்ணையத்து ஆட்கள் என்று இருபது பேர் புழங்கினார்கள். அப்போது தனி வீடு என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. இப்போது காடும் வீடும் அப்படியே இருக்கின்றன. ஆட்கள் கோவைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள்.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் இருக்கிறார்கள். நாளைக் காலை போகிறேன்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று ஆரம்பம். பல்லடம் தாண்டியதும் வெயிலில் கண் கூசியது. தோட்டத்தில் கிளுவை வேலி இலையெல்லாம் உதிர்த்து முள்ளாக நிற்கிறது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கிறது. அப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார்.

அண்ணன் பெங்களூரில் இருந்து வீடியோ அழைப்பில் வந்தான். நாலு மூலைக்கும் கேமரா, கேட்டுக்குப் பூட்டு, முடிந்தால் இருவரும் கிளம்பிப் பெங்களூர் வந்துவிட வேண்டும் என்றான். அவன் குரல் நடுங்கியது. பெற்றவர்கள் மேல் அவனுக்கு உயிர். எட்ட இருப்பவனின் அன்பு பயமாகத்தான் வெளியே வருகிறது.

அம்மா பதில் சொன்னாள்: “கண்ணு, அங்க வந்து நா ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா? இந்த மாட்ட ஆருகிட்ட உட்டுட்டு வாறது? கேமராவ வேணும்னா மாட்டிக்க. அது எனக்குக் காய்ச்சல் வந்தா ஒரு வாய் சுடுதண்ணி வெச்சுக் குடுக்குமா?”

அண்ணன் அடுத்ததாகச் சொன்னதைத்தான் இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தேங்காய்க் களத்தில் ஒடிசாவில் இருந்து வந்த குடும்பம் ஒன்று தங்கி வேலை செய்கிறது. புருஷன், பெண்சாதி, நாலு வயதுப் பெண் குழந்தை. அம்மா மத்தியானம் ஒரு தூக்குப்போசி மோரை வேலியோரம் கொண்டுபோய்க் கொடுப்பாள். இனி அது வேண்டாம், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவே கூடாது என்றான் அண்ணன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா போசியைக் கழுவிக் கவிழ்த்தாள். மத்தியானம் வழக்கம்போல மோரை ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மே 7, புதன்

திரும்பி வந்து மூன்று நாளாகிறது. கடையில், பஸ்ஸில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எங்கேயும் ஒரே பேச்சு: வடக்கத்தி ஆட்கள்தான் செய்திருப்பார்கள். போலீஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

2023 மார்ச் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம் நின்றது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. வீடியோக்கள் பொய் என்று தெளிவான பிறகும் போனவர்கள் எல்லோரும் உடனே திரும்பவில்லை. பனியன் கம்பெனிகள் ஆளில்லாமல் திண்டாடின. அன்று அவர்கள் நம்மைக் கண்டு பயந்தார்கள். இன்று நாம் அவர்களைக் கண்டு பயப்படுகிறோம். இரண்டு பயமும் போனில் வந்தவைதான். யாரும் யாரோடும் உட்கார்ந்து பேசி வந்தவை அல்ல.

திருப்பூரின் தையல் மெஷின், கோவையின் பவுண்டரி, காங்கேயத்தின் தேங்காய்க் களம், நாமக்கல்லின் கோழிப்பண்ணை எல்லாவற்றிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை செய்யும் ஊரில் ஏதாவது ஒரு குற்றம் நடந்து, அந்த ஊர்க்காரர்கள் நம் பிள்ளைகளை இப்படிப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? குழுவில் இதைத்தான் எழுதினேன். அத்தை மகன் ஒருவன் மட்டும் ‘நியாயந்தான்’ என்று போட்டான்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். காலையில் இருந்து போனில் பூங்கொத்துகள். அம்மாவைக் கூப்பிட்டேன். “தெனமும் கூப்படற, இன்னைக்கென்ன விசேசம்?” என்றாள்.

இந்த நாளுக்கு எனக்கு வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள்தான் நினைவுக்கு வருகிறார். ஆலாந்துறை பக்கம், விறகடுப்பில் இட்லி சுட்டு ஒரு ரூபாய்க்கு விற்றவர். 2019இல் அவர் வீடியோ நாடெங்கும் பரவியபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பே முப்பது வருடமாக அதே வேலைதான். ஊரடங்குக் காலத்தில் உளுந்து, பருப்பு விலையெல்லாம் ஏறியபோதும் அவர் இட்லி விலையை ஏற்றவில்லை. 2022இல் இதே அன்னையர் தினத்தில் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தார்.

எல்லோரும் ஒரு ரூபாயைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அவர் வீட்டு வாசலில் சாப்பிட உட்கார்ந்தவர்கள்தான் பெரிதாகத் தெரிந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கையில் பத்து ரூபாயோடு வந்து வயிறு நிறைந்து எழுந்து போனவர்கள். அம்மா தன் பிள்ளைக்குச் சோறு போடுவது இயற்கை. யாரோ பெற்ற பிள்ளை வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக் கூடாது என்று ஒருத்தி விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டினால், அது அவளே எடுத்த முடிவு. இந்த மண்ணில் அந்த முடிவை எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல்.

மே 13, செவ்வாய்

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. கோவை மகிளா நீதிமன்றத்தில் நீதிபதி நந்தினி தேவி ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்திருக்கிறார். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டபோது கண் கலங்கியது.

2019இல் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தாள். பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். அந்தப் பெண்ணின் பெயரோ காவல்துறை அதிகாரி வாயிலிருந்தே ஊருக்குத் தெரிந்தது. அதன் பிறகும் மற்றப் பெண்கள் முன்வந்து, ஆறு வருடம் உறுதியாக நின்றிருக்கிறார்கள்.

அந்தக் கும்பல் பெண்களிடம் காட்டிய மிரட்டல் என்ன? வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான். நம் வீடுகளை ஆயுதமாக வைத்தே நம் பிள்ளைகளை மடக்கினார்கள். கூப்பிடு தூரத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்தும் கூப்பிட முடியாமல் எத்தனை பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்! படிப்பு, நகை, வரன் என்று பெண் பிள்ளைகளுக்காக ஓடாய்த் தேய்கிற சீமை இது. ‘என்ன நடந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு, உன்மேல தப்புன்னு சொல்லமாட்டேன்’ என்ற ஒரு வாக்கைக் கொடுக்க மட்டும் நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? மானம் என்ற சுமையை எதற்கு அந்தப் பதினெட்டு வயதுத் தோளில் ஏற்றி வைக்கிறோம்?

மகள் ஹாஸ்டலில் இருந்து வந்திருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டில் அந்த வாக்கை அப்படியே அவளிடம் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, “தெரியும்மா. ஆனா நீங்க வாயால சொன்னது நல்லா இருக்கு” என்றாள். பக்கத்தில் இருந்த அவள் அப்பாவும், “எனக்கும் அதேதான் அம்மிணி” என்றார்.

மே 16, வெள்ளி

உடன் வேலை செய்கிறவரின் தாயார் தவறிவிட்டார். துக்கம் விசாரிக்க மேட்டுப்பாளையம் போய் வந்தேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் பேச்சு நடூர் பக்கம் போனது.

2019 டிசம்பர் 2, விடியாத மழை நேரம். ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டி, வசதியான ஒரு வீட்டைச் சுற்றி எழுப்பிய ஏறத்தாழ 20 அடிச் சுவர் ஓட்டு வீடுகள் மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள். அத்தனை பேரும் தலித்துகள். அந்தச் சுவரைத் தீண்டாமைச் சுவர் என்றே போராடியவர்கள் சொன்னார்கள். அத்தனை உயரம் எதற்கு என்ற கேள்விக்கு எனக்கும் வேறு பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாது என்று கட்டியது, அந்தப் பக்கத்து வீட்டின் தலையிலேயே விழுந்தது.

அன்று மகளையும் மகனையும் ஒருசேரப் பறிகொடுத்த ஒரு தகப்பன், டீக்கடைத் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளின் கண்களையும் தானமாகக் கொடுத்தார். பிணவறை வாசலில் நின்றுகொண்டு அப்படி ஒரு முடிவை எடுக்க எத்தனை பெரிய மனசு வேண்டும்! தன் வீட்டு விளக்கு இரண்டும் அணைந்த நேரத்தில், முகம் தெரியாத யாருக்கோ வெளிச்சம் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். கண்ணைப் பெற்றுக்கொண்டவர்கள் என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை. கருணை என்று எங்கே யார் பேசினாலும் நான் அளந்து பார்க்க வைத்திருக்கும் அளவு அவர்தான்.

மே 20, செவ்வாய்

சிவகிரி வழக்கில் ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். ஈரோடு மாவட்டத்துக்காரர்கள் மூன்று பேர். நகையை வாங்கி உருக்கியதாக நகைத் தொழில் செய்யும் ஒருவர். பல்லடம் கொலையிலும் இவர்களுக்குத் தொடர்பு உண்டு என்று போலீஸ் சொல்கிறது. குற்றத்தைக் கோர்ட்டு முடிவு செய்யட்டும். கைதானவர்களில் யாரும் வடக்கத்திக்காரர்கள் இல்லை. நம் பேச்சைப் பேசுகிறவர்கள், நம் தோட்டங்களின் வழி தெரிந்தவர்கள்.

மூன்று வாரமாக ‘அவுங்கதான்’ என்று எழுதிக் குவித்த குழுவில் இன்று ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் மட்டும் எனக்குத் தனியாகப் போன் செய்தான். “அந்தக் களத்துக் குடும்பம் நல்லா இருக்குதா?” என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்டதே எனக்குப் போதும்.

அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “புடிபட்டவங்களுக்கும் ஊட்ல வயசான ஆத்தா அப்பன் இருப்பாங்கல்லோ? அவிய எங்க போயி மூஞ்சிய வெச்சுக்குவாங்க?” என்றாள். செத்தவர்களுக்காக அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள். அதே மனசுக்குள் இவர்களுக்கும் இடம் இருக்கிறது.

மே 25, ஞாயிறு

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் முன்கூட்டியே இறங்கிவிட்டது. கோவைக்கும் நீலகிரிக்கும் ரெட் அலர்ட். காங்கேயத்தில் காற்று மட்டும்தான்.

இன்று தோட்டத்தில் ஒரு காரியம் செய்தோம். சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களை எல்லாம் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னோம். பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். காலையில் ஒருவர் அடுத்த தோட்டத்துக்குப் போன் செய்வது, அவர் அதற்கடுத்தவருக்குச் செய்வது. எடுக்கவில்லை என்றால் உடனே ஆள் போவது என்று ஏற்பாடு. களத்துக் குடும்பத்தையும் கூப்பிட அம்மா சொன்னாள். முதலில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அப்பா எழுந்து, “எங்க ஊட்டுல இருந்து சத்தம் போட்டா உங்க ஆரு காதுலயும் உழுகாதுங்க. அந்தப் பையனுக்கு மட்டுந்தான் கேக்கும்” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அந்தப் பையன் கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசுகிறான். அவன் எண் அப்பாவின் போனில் முதல் எண்ணாக ஏறியது. அப்பாவின் எண் அவன் போனில் ஏறியது. அவன் பெண்சாதிக்கு ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் அவனும் கூப்பிடலாம் அல்லவா?

கேமராவும் மாட்டினோம். அண்ணன் வாங்கி அனுப்பியது, இருக்கட்டும். போலீஸ் ரோந்து வேண்டும், தெருவிளக்கு வேண்டும்; அதற்கும் மனு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பெற்றவர்களைக் கைவிடும் பிள்ளைகளைக் கேட்க 2007இல் இருந்தே சட்டம் இருக்கிறது. பாசம் குறையாமலே தூரமாகிப்போன பிள்ளைகளுக்கு எந்தச் சட்டமும் வழி சொல்லாது. அந்த வழியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வழி இது: நம் வீட்டு முதியவர்களுக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களை நம் மனிதர்களாக ஏற்பது, அவர்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் நாமும் ஓடுவது. சாதியும் ஊரும் பாஷையும் பார்த்து விலக்கி வைத்தவர்கள், ஆபத்தில் நாம் கூப்பிட்டால் எந்த உரிமையில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம்?

அடுத்த ஞாயிறு கீழ்த்தோட்டத்துப் பெரியம்மா வீட்டில் கூடுவதாக முடிவு. அண்ணனும் குடும்பத்தோடு வருகிறான்.