டிரங்குப் பெட்டியும் எங்கள் மேசையும்

தோழர்களே, இந்த முறை வழக்கமான அரசியல் கட்டுரை இல்லை. எங்கள் வீட்டு மேசையைப் பற்றி எழுதுகிறோம். எங்கள் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. களத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

திருத்தணியில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. முன்னறைதான் எங்கள் அலுவலகம். ஒரு மேசை, ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மிச்ச இடமெல்லாம் காகிதம். மனு நகல்கள், எஃப்.ஐ.ஆர். நகல்கள், ஆர்.டி.ஐ. பதில்கள், துண்டறிக்கைகள், பழைய சிற்றிதழ்கள், ஏப்ரல் 14க்கு அடித்து மிஞ்சிப்போன சுவரொட்டிகள். யாராவது கேட்டால் "வேலை நடக்கிற இடம் அப்படித்தான் இருக்கும்" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஓர் ஆயா வந்தார். பக்கத்துக் கிராமம். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய நிலப் பிரச்சினைக்காக ஒரு பழைய பட்டாவை அவரிடமிருந்து வாங்கியிருந்தோம். ஜெராக்ஸ் எடுத்துவிட்டு மறுநாளே தருவதாகச் சொன்னோம். தரவில்லை. இப்போது பேரன் தாலுகா ஆபீசுக்குப் போகிறான், அந்தக் காகிதம் வேண்டும் என்றார்.

தேடினோம். மேசை மேல் இல்லை, அலமாரியில் இல்லை. அரைமணி நேரம் ஆயா நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "எங்க வூட்டு டிரங்குப் பொட்டியில அறுவது வருஷத்துக்கு மேல இருந்துச்சு தம்பி. உங்க கையில ரெண்டு வருஷம் இருக்கலியா?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் திட்டவில்லை.

அந்தக் காகிதம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டம் என்றால் ம.பொ.சி. பெயரைப் படிக்கிறோம். சேரியில் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் விட்டுச்சென்றது தெலுங்கில் எழுதிய காகிதங்களை. ஆயாவின் மாமனார் பெயரில் இருந்த பட்டாவும் தெலுங்குதான். நகரியிலிருந்து வந்த ஒரு தோழர்தான் எங்களுக்குப் படித்துச் சொன்னார். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம். நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்ததும், 1892இல் அதன் மேல் அரசாணை வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒதுக்கிய நிலத்தை வேறு சாதியாருக்கு விற்க முடியாது. ஆனால் இது டி.சி. நிலம் என்பதற்குச் சான்று வேண்டும். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் பட்டாவில் பெயர் மாறிப்போனது. பழைய பதிவேட்டைக் கேட்டால் "இல்லை", "சிதைந்துவிட்டது" என்று பதில் வரும். அப்போது மிஞ்சுவது டிரங்குப் பெட்டியில் இருக்கும் அந்த ஒரு காகிதம்தான். அதைத்தான் நாங்கள் தொலைத்திருந்தோம். ஆவணத்தைக் காணோம் என்று சொல்லும் அதிகாரிகள் மேல் எத்தனை கண்டனம் எழுதியிருப்போம்!

அன்று மாலையே அறையைக் காலி செய்யத் தொடங்கினோம். மூன்று நாள் ஆனது. எல்லாவற்றையும் கூடத்தில் கொண்டுவந்து ஊர்வாரியாகப் பிரித்தோம். சுவரோரம் தரையில் கிடந்த கட்டைத் தூக்கியபோது மண் உதிர்ந்தது. கரையான். ஒரு வருடத்துக் கூட்டக் குறிப்புகள் போயிருந்தன. ஸ்பீட் போஸ்ட் ரசீதுகள் சில வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. அந்த ரசீதில் எழுத்து நிற்காது என்பதைப் பணம் கட்டிப் படித்தோம். ஓர் ஆர்.டி.ஐ. பதில் கவர் பிரிக்கப்படாமலே கிடந்தது. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். அது எப்போதோ முடிந்திருந்தது. புதிதாக ஒரு மனு போடலாம், போட்டும்விட்டோம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் காத்திருந்த மாதங்களை யார் திருப்பித் தருவது?

மூன்றாம் நாள் ஆயாவின் பட்டா கிடைத்தது. வேறொரு ஊரின் ஃபைலுக்குள், கல்யாணப் பத்திரிகை கவர் ஒன்றில் இருந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. சர்வே எண்ணும் முத்திரையும் தப்பியிருந்தன.

நம் வரலாறே இப்படித்தான் தப்பிவந்திருக்கிறது. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை இன்று நாம் படிக்க முடிகிறதென்றால், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய பிரதிகளைப் பத்திரமாக வைத்திருந்ததுதான் காரணம். ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுதிகளாகக் கொண்டுவரும்வரை அவை தனிமனிதர்களின் வீடுகளில்தான் வாழ்ந்தன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைக் கண்ணில் காண்பதே அரிது.

பாபாசாகேப் புத்தகங்களுக்காகவே தாதரில் ராஜகிருகம் கட்டியவர். அவர் மறைந்த பின் டெல்லி அலிப்பூர் சாலை வீட்டில் இருந்த தாள்கள் முற்றத்தில் கொட்டப்பட்டு மழையில் நனைந்ததை அவருடைய உதவியாளர் நானக் சந்த் ரத்து வேதனையோடு பதிவுசெய்திருக்கிறார். மிஞ்சியதை வைத்துத்தான் 1979 முதல் வசந்த் மூன் தொகுப்பில் மகாராஷ்டிர அரசு நூல்வரிசையை வெளியிட்டது. நனைந்துபோனதில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு எரிச்சல் வரும். அந்தச் சொல்லை வைத்துத்தான் நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். அடுக்கி வைப்பது வேறு. நம்மை நம்பி ஒருவர் கொடுத்ததைக் கேட்ட நேரத்தில் திருப்பித் தர முடிகிற நிலைதான் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயக்க வீடுகளில் பெருக்குவதும் அடுக்குவதும் பெண் தோழர்கள் தலையில் விழுகிறது. இந்த மூன்று நாளும் இருவரும்தான் குனிந்தோம். இனியும் அப்படித்தான்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இது. யாரிடமும் அசல் ஆவணம் வாங்குவதில்லை. அவர்கள் எதிரிலேயே போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, அசலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒரு வழக்குக்கு ஒரு ஃபைல். முதல் பக்கத்தில் தேதிகள்: புகார் கொடுத்த நாள், எஃப்.ஐ.ஆர். பதிந்த நாள், அதிலிருந்து 60 நாள். வன்கொடுமை வழக்கில் விசாரணையை அதற்குள் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தேதி நம் கையில் இருந்தால்தான் கேட்க முடியும். நிவாரணத் தொகையும் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் காகிதம் வேண்டும்.

தபால் வந்த அன்றே கவரைப் பிரித்து, வந்த தேதியைக் கவரின் மேல் எழுதுகிறோம். கவரையும் எறிவதில்லை. தபால் ரசீதை அன்றே ஜெராக்ஸ் எடுத்து, ஒப்புகை அட்டையோடு சேர்த்துக் குத்திவிடுகிறோம். தரையில் ஒரு தாளும் கிடையாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களின், குழந்தைகளின் காகிதம் பூட்டிய பெட்டியில் மட்டும். அவற்றைப் படம் எடுத்து வாட்சப் குழுவில் போடுவது அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது கொடுமை. தேவையில்லாத நகலை எடைக்குப் போடுவதும் இல்லை. பெயர் இருக்கும் தாளைக் கிழித்து எரித்துவிடுகிறோம்.

பட்டாவை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கரையான் தின்ற மூலையைத் தடவிப் பார்த்தார். மடித்து, பழைய மஞ்சள் பையில் போட்டு, டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "இனிமே யாரு கேட்டாலும் ஜெராக்ஸ்தான்" என்றார்.

தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேசையைக் கொஞ்சம் பாருங்கள். யாருடைய காகிதமாவது அங்கே இருந்தால், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

ஜெய்பீம்.